விசையை அழுத்தாத விரல்கள்

அப்பாவின் டைரிகளை அம்மா பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். போன தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை இறக்கியபோது கயிறு இற்று அறுந்து, ஒன்பது டைரிகள் தரையில் சரிந்தன. எல்லாம் உரக்கடைக்காரர் வருஷா வருஷம் இலவசமாகக் கொடுத்தவை. அப்பா கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்தார். பக்கத்தின் மேல்பாதியில் பால் பாக்கி, மண்ணெண்ணெய், என் பள்ளிக்கூடக் கட்டணம், யாருக்கு எவ்வளவு கைமாற்று என்பதெல்லாம் இருக்கும். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உலகம், ஒரே வரியில்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தேடித்தேடிக் கொன்றபோதுதான் அப்பா பிலிப்ஸ் ரேடியோ வாங்கினார். ஜன்னல் கம்பியிலிருந்து முருங்கைமரம் வரை செப்புக்கம்பி இழுத்து ஏரியல் கட்டினார். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. எதிர்வீட்டு வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவார். கொழும்புச் செய்திக்காக வைத்த ரேடியோவில் மாஸ்கோவும் மணிலாவும் பீக்கிங்கும் (இன்றைய பெய்ஜிங்) கூடவே வந்தன. செய்தி முடிந்ததும் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் அப்பா விளக்கை அணைப்பார்.

ஒன்பது வருஷத்து வரிகளையும் உட்கார்ந்து படித்தேன். "ஆந்த்ரபோவ் காலமானார்." "ரீகன் மறுபடி ஜெயித்தார்." "செர்னென்கோவும் போய்விட்டார். கோர்பச்சேவ், வயது 54." ஏறக்குறைய எல்லா வரியிலும் ஒரு தலைவரின் பெயர். 1989 நவம்பர் 10, வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மட்டும் பெயர் இல்லை. மேலே தேர்தல் சுவரொட்டி ஒட்ட வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த கணக்கு. கோட்டுக்குக் கீழே, "பெர்லின் சுவர் திறந்தது."

கிழக்கு பெர்லினை மேற்கிலிருந்து பிரித்து நின்ற சுவர், தானாகவே திறந்துகொண்டதுபோல எழுதியிருக்கிறார். அப்பா இலக்கணத்தில் கறாரானவர். தெரிந்திருந்தால் எழுவாய் போட்டிருப்பார்.

திறந்தவர் பெயர் ஹரால்ட் யேகர். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியில் லெப்டினன்ட் கர்னல். பெர்லினில் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச்சாவடியில் கடவுச்சீட்டுச் சோதனைப் பிரிவில் அன்றிரவு பொறுப்பில் இருந்தவர். 46 வயது. 1961இல் சுவர் எழும்பிய வருஷமே எல்லைக் காவலில் சேர்ந்தவர். அந்த ஆட்சியை உள்ளுக்குள் வெறுத்தவர் என்றோ, புரட்சிக்காரர் என்றோ நினைத்துவிட வேண்டாம். கட்சியையும் அரசையும் நம்பி, சொன்ன வேலையைச் செய்துவந்த மனிதர் அவர்.

நவம்பர் 9 மாலை, சாவடி உணவறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தொலைக்காட்சியில் குந்தர் ஷபோவ்ஸ்கியைப் பார்க்கிறார். கட்சியின் தலைமைக்குழு உறுப்பினர் ஷபோவ்ஸ்கி. அப்போதைய கட்சித் தலைவர் எகோன் கிரென்ஸ் அவர் கையில் திணித்த தாளைச் சரியாகப் படிக்காமலேயே பத்திரிகையாளர் கூட்டத்துக்கு வந்திருந்தார். மக்கள் இனி வெளிநாடு போக விண்ணப்பிக்கலாம், அனுமதி கிடைக்கும் என்பதுதான் அதிலிருந்த விஷயம். மறுநாள் காலை முதல், வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, முறையாக. எப்போதிலிருந்து என்று ஒருவர் கேட்டார். ஷபோவ்ஸ்கி தாளைப் புரட்டிவிட்டு, உடனடியாக, தாமதமில்லாமல் என்றார். அவ்வளவுதான். மணி ஏழைத் தொட்டபோது நேரலையில் பார்த்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

யேகர் மேலதிகாரிக்குப் போன் செய்தார். திருப்பி அனுப்பு என்று பதில். சாவடிக்கு முன்னால் முதலில் பத்து இருபது பேர், அப்புறம் நூறு, அப்புறம் ஆயிரக்கணக்கில். மறுபடி போன். மறுபடி அதே பதில். ஒன்பது மணிவாக்கில் ஒரு யோசனை வந்தது: அதிகமாகச் சத்தம் போடுபவர்களை மட்டும் வெளியே விடு, அவர்கள் அடையாள அட்டையில் புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்து. அப்படிக் குத்தினால் அவர்களுக்கு இனி நாடு இல்லை என்று அர்த்தம். அது அவர்களுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே மேற்கே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் தம்பதி திரும்பி வந்தார்கள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம், குழந்தைகள் வீட்டில் தூங்குகிறார்கள் என்றார்கள். உள்ளே விட முடியாது என்றதும் அந்தப் பெண் அழுதாள். யேகர் அவர்களை உள்ளே விட்டார். அந்த இரவில் அவர் மீறிய முதல் உத்தரவு அதுதான். சுவர் அந்த இடத்தில்தான் விட்டுக்கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. மேலிடத்து ஆட்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது யேகரும் அந்த இணைப்பில் இருந்தார். அது தெரியாமல் ஒருவர், அந்த ஆளுக்கு நிலைமையைச் சரியாகச் சொல்லத் தெரியுமா, இல்லை பயந்து சாகிறானா என்று கேட்டுவிட்டார். இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்துக்குப் பிறகு அந்தச் சொல் யேகரின் காதில் விழுந்தது. இரவு பதினொன்றரைக்கு, யாரிடமும் அனுமதி கேட்காமல், தடுப்பைத் தூக்கச் சொன்னார். எங்கள் ஊரில் அப்போது விடியற்காலை நான்கு மணி. பால்காரர் இன்னும் வந்திருக்க மாட்டார்.

அவருடைய ஆட்களிடம் கைத்துப்பாக்கிகள் இருந்தன. கூட்டம் சாவடியை நெருக்கித் தள்ளியது. ஒரே ஒருவர் பதறியிருந்தால் போதும், அப்பா வேறு வரி எழுதியிருப்பார்.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. டைரியின் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும், சுடச் சொல்லியும் சுடாத ஆள் யாராவது இருந்தாரா என்று தேட ஆரம்பித்தேன். எண்பதுகளைத் தலைவர்களின் பத்தாண்டாகத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தாட்சர், ரீகன், கோர்பச்சேவ், கோமெய்னி, சீனாவின் டெங் சியாவ்பிங். அவர்கள் எடுத்த முடிவுகளில்தான் உலகம் திரும்பியது என்று. முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் முடிவு மேலிருந்து கீழே இறங்கிவரும்போது அதைக் கையில் வாங்குகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அந்தப் பத்தாண்டு பலமுறை அவர் கையில்தான் நின்றது.

1983 செப்டம்பர் 1ஆம் தேதி சோவியத் போர்விமானம் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் செத்தார்கள். அப்பாவின் வரி இருக்கிறது. அதே மாதம் 26ஆம் தேதிப் பக்கத்தில் மழை பெய்தது என்று மட்டும் எழுதியிருக்கிறார். அன்றுதான் மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற கண்காணிப்பு நிலையத்தில், நள்ளிரவு தாண்டி, அமெரிக்கா ஏவுகணை ஏவிவிட்டது என்று கணினி அலறியது. முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து. பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் மேலிடத்துக்கு, இது பொய் எச்சரிக்கை என்று சொன்னார். உறுதியாகத் தெரிந்து சொல்லவில்லை. போர் தொடுப்பவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு ஆரம்பிக்கமாட்டான் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். மேகத்தின் உச்சியில் பட்டுத் தெறித்த வெயிலைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்துக்கொண்டது பின்னால் தெரிந்தது. அன்றிரவுப் பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று பெத்ரோவுக்குத் திட்டுதான் கிடைத்தது. உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது தொண்ணூறுகளில்.

மணிலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் திண்ணையில் மணிலா வெறும் செய்தி இல்லை. வாத்தியார் கிறிஸ்தவர். அவருக்குத் தமிழோசையைவிட வெரித்தாஸ் வானொலி பிடிக்கும். ரேடியோ வெரித்தாஸ் ஆசியாவின் தமிழ்ப்பணி அப்போது மணிலாவிலிருந்து சிற்றலையில் வரும். இலங்கையிலும் இங்கேயும் அதற்கு நேயர்கள் ஏராளமாக இருந்தார்கள். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸில் நடந்தது பெரும்பாலும் அதே வெரித்தாஸின் உள்நாட்டு ஒலிபரப்பைச் சுற்றித்தான் நடந்தது. பிப்ரவரி 22, சனிக்கிழமை. தேர்தலில் அதிபர் மார்க்கோஸ் மோசடி செய்து ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேவும் தளபதி ராமோஸும் சில நூறு ஆட்களோடு ராணுவ முகாமுக்குள் புகுந்துகொண்டு, இனி மார்க்கோஸை ஏற்கமாட்டோம் என்றார்கள். கர்தினால் ஹைமே சின் வெரித்தாஸில் பேசினார். முகாமுக்குப் போய் அவர்களைக் காப்பாற்றுங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள் என்று மக்களைக் கேட்டார். எட்சா என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பெரிய சாலை முழுக்க ஜனம் திரண்டது. மறுநாள் ராணுவம் வெரித்தாஸின் ஒலிபரப்புக் கோபுரத்தை நொறுக்கியது. அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்து ராத்திரி பூராவும் பேசினார். கவச வண்டிகளுக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு மண்டியிட்ட படம் அந்த ஞாயிற்றுக்கிழமையுடையதுதான். வாத்தியார் அதைப் பத்திரிகையிலிருந்து வெட்டி பைபிளுக்குள் வைத்திருந்தார்.

அப்பாவின் வரி பிப்ரவரி 24: "மார்க்கோஸ்: சுட வேண்டாம் என்றார்." உண்மைதான். அன்று காலை தொலைக்காட்சியில், பக்கத்தில் நின்ற தளபதி ஃபாபியன் வேர் தாக்க அனுமதி கேட்க, மார்க்கோஸ் தாக்காதே என்றார். உலகமே பார்த்தது. ஆனால் அதே காலையில், காமிரா இல்லாத இடத்தில், கர்னல் பிராவ்லியோ பால்பாஸ் என்ற கடற்படைத் துருப்பு அதிகாரி, ராமோஸ் இருந்த கிராமே முகாமைக் குறிவைத்து எதிர்முகாமில் பீரங்கிகளோடு நின்றிருந்தார். நடுவில் ஒரு சாலை, சாலையில் ஜனம். சுடு என்று மார்க்கோஸ் பக்கத்துத் தளபதி ராமாஸிடமிருந்து (ராமோஸ் இல்லை, இவர் வேறு) உத்தரவு வந்தது. பால்பாஸ் முடியாது என்று சொல்லவில்லை. இன்னும் பீரங்கியைச் சரியான இடத்தில் நிறுத்திக்கொண்டிருக்கிறோம் என்றார். மறுபடி உத்தரவு. இன்னும் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். வரைபடம் தேடுகிறோம். மறுபடி உத்தரவு. மறுபடி அதே பதில். இத்தனைக்கும் இலக்கு கண்ணுக்கு எதிரேயே இருந்தது. அன்று விடியற்காலையிலேயே, அந்த முகாமைத் தாக்கப் போன கர்னல் சொதெலோவின் ஹெலிகாப்டர்கள், சுடாமல் முகாமுக்குள்ளேயே இறங்கிவிட்டிருந்தன. மறுநாள் இரவு மார்க்கோஸ் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனார்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஆறப்போடுவது. அலுவலகத்தில் ஒரு காரியத்தை ஆறப்போட்டால் நாம் திட்டுவோம். நானும் அரசு அலுவலகங்களில் அலைந்து திட்டியிருக்கிறேன். ஆனால் சில காரியங்கள் ஆறிப்போவதற்கென்றே வருகின்றன. பால்பாஸ் செய்தது அதைத்தான். யேகர் திரும்பத் திரும்பப் போன் செய்ததும் அதைத்தான்.

1989 அக்டோபர் 9ஆம் தேதி கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்திலும் அப்படித்தான். புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் திங்கள்கிழமை ஜெபம் முடிந்து 70,000 பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில் இறங்கினார்கள். மருத்துவமனைகளில் ரத்தம் சேர்த்து வைத்திருந்தார்கள். தேவைப்பட்டால் கையில் ஆயுதத்தோடு தடுப்போம் என்று மூன்று நாள் முன்பு நகரத்துப் பத்திரிகையில் கடிதம் வந்திருந்தது. மாவட்டக் கட்சிப் பொறுப்பிலிருந்தவர் பெர்லினுக்குப் போன் போட்டு, தெளிவான பதில் கிடைக்காமல், காவலர்களைத் தற்காப்புக்கு மட்டும் என்று பின்வாங்கச் சொன்னார். கிரென்ஸ் திரும்ப அழைத்தபோது ஊர்வலமே முடியப்போகிற நேரம். அதற்கு முன் ஆகஸ்ட் 19இல் ஹங்கேரியின் சோப்ரோன் எல்லையில் லெப்டினன்ட் கர்னல் ஆர்ப்பாத் பெல்லா, தன்னை நோக்கிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கிழக்கு ஜெர்மானியர்களுக்கு வழிவிட்டு நின்றார். அறுநூறுக்கும் மேல் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். அவர் மேல் விசாரணை வந்தது.

சுடாதவர்களெல்லாம் ஜெயித்தார்கள் என்று எழுதிவிட்டால் மனசுக்கு இதமாக இருக்கும். அது உண்மையில்லை.

1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜூ நகரத்தில் சுன் டூ-ஹுவானின் ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் எழுந்தார்கள். மாகாணக் காவல்துறைத் தலைவர் ஆன் பியோங்-ஹா தன் போலீஸாரைச் சுட விடவில்லை. அவரைப் பதவியிலிருந்து இறக்கி, பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தார்கள். அந்த உடம்பு தேறவே இல்லை. 1988இல் செத்துப்போனார். போலீஸ் சுடாவிட்டால் என்ன, ராணுவமும் அதன் பாராசூட் படையும் இருந்தன. மே 21 மதியம் மாகாண அலுவலகத்தின் முன்னால் கூட்டத்தைச் சுட்டார்கள். சுன் அடுத்த ஏழு வருஷம் அதிபராக இருந்தார். 2021இல் மன்னிப்புக் கேட்காமலேயே செத்தார். இது நடந்தபோது எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை, டைரியும் இல்லை.

பீக்கிங் இருக்கிறது. மே 15, 1989: "கோர்பச்சேவ் சீனா வந்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு." ஜூன் 4: "டியனான்மென். கொன்றுவிட்டார்கள்." பீக்கிங்கின் டியனான்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுத் திரண்டவர்களை ஒடுக்க ராணுவம் இறங்கிய நாள். அந்த வரியின் பக்கத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அதே நாளில்தான் போலந்து தேர்தல், அதற்கு முந்தின இரவில்தான் கோமெய்னியின் மரணம். இரண்டுக்கும் இடமில்லாமல் அப்பா மறுநாள் பக்கத்தில் எழுதியிருக்கிறார். சீன ராணுவத்தின் 38ஆம் படைக்குத் தளபதி சூ சின்சியன். சிறுநீரகக் கல்லுக்காக மருத்துவமனையில் இருந்தவரைக் கூப்பிட்டு, படையைப் பீக்கிங்குக்குள் கொண்டுபோ என்றார்கள். மாட்டேன் என்றார். அவர் பால்பாஸ் மாதிரி ஆறப்போடவில்லை, நேராகவே சொன்னார். ராணுவ நீதிமன்றம் ஐந்து வருஷம் சிறையில் போட்டது. வேறொருவரை நியமித்தார்கள். 38ஆம் படையும் போனது. சாலையெங்கும் பிணம் விழுந்தது. 2021 ஜனவரியில் அவர் இறந்தார்.

அவர் மாட்டேன் என்றதால் என்ன ஆயிற்று என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு உயிர்கூட மிஞ்சவில்லையே என்றார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஒரு ஆள் செய்யக்கூடியதை அவர் செய்தார். மிச்சப் பழி அவருக்குப் பதிலாகப் போனவர்களுடையது, போகச் சொன்ன டெங் சியாவ்பிங்குடையது.

கோர்பச்சேவை விட்டுவிட்டு இதை எழுதினால் அநியாயம். 1988 டிசம்பர் 7இல் ஐ.நா. சபையில் நின்று, ஐந்து லட்சம் வீரர்களைக் குறைக்கிறேன், எந்த நாடும் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்றார். லைப்சிக்கிலும் பெர்லினிலும் அந்த இரவுகளில் கிழக்கு ஜெர்மனியிலிருந்த சோவியத் படை மூன்று லட்சத்துக்கும் மேல். பாசறையைவிட்டு ஒரு டாங்கியும் வெளியே வரவில்லை. 1953இல் பெர்லினிலும், 1956இல் புடாபெஸ்டிலும், 1968இல் பிராகிலும் வந்த அதே டாங்கிகள்தான். அது அவருடைய முடிவு, அதன் பெருமை அவருக்குத்தான். ஆனால் அவர் காலத்திலேயே 1989 ஏப்ரலில் ஜார்ஜியாவின் திபிலிசியிலும், 1991 ஜனவரியில் லித்துவேனியாவின் வில்னியுஸிலும் சோவியத் படை ஜனங்களைக் கொன்றது. அவரை மனதாரக் கும்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. யேகருக்கு, நாடு ஒன்றானதும் வேலை போனது. பிறகு பத்திரிகைக் கடை வைத்திருந்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1987 டைரியில், மேல்பாதியில், ஒரு விவசாயியின் பெயரும் "மோட்டார் ஜப்தி" என்ற குறிப்பும் ஐந்து இடத்தில் வருகின்றன. மழை பொய்த்த வருஷம். கடன் கட்டாதவர்களின் பம்புசெட்டைக் கழற்றி வரச்சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முதல் குறிப்பு: "நோட்டீஸ் தயாராகிறது என்று பதில்." இரண்டாவது: "சர்வே எண் சரிபார்க்க வேண்டும் என்று பதில்." மூன்றாவது: "வண்டி இல்லை என்று பதில்." அப்புறம் இரண்டு முறை வெறும் "பதில்" மட்டும். அடுத்த தையில் அறுவடை ஆனதும் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு தொகையும் ஒரு டிக்கும். அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பாவுக்கு அப்ப மெமோ குடுத்தாங்கடி, இன்கிரிமென்ட்டை நிறுத்திட்டாங்க. ஏன்னு எங்கிட்ட சொல்லவே இல்லை" என்றாள்.

அப்பா தன்னை ஒரு செய்தியாக நினைத்ததில்லை. அதனால்தான் அது கோட்டுக்கு மேலே இருக்கிறது.

டைரிகளைத் திரும்பக் கட்டுவதற்கு முன்னால் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டேன். அப்பாவின் எழுத்தின் மேல் கைவைக்க மனசு வரவில்லை, அதனால் ஓரத்தில் சின்னதாக எழுதினேன். 1983 செப்டம்பர் 26, மழைக்குப் பக்கத்தில், பெத்ரோவ். 1986 பிப்ரவரி 24, பால்பாஸ். 1989 ஜூன் 4, பேனா கிழித்த இடத்தைத் தவிர்த்து, சூ சின்சியன். நவம்பர் 10 பக்கத்தில் "பெர்லின் சுவர் திறந்தது" என்ற வரிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே "ஹரால்ட் யேகர்" என்று எழுதிவிட்டுப் பார்த்தால், "திறந்தது" இப்போது இலக்கணத்தில் இடித்தது. அம்மா எட்டிப் பார்த்து, "உங்கப்பா இருந்தா திருத்தச் சொல்லுவார்" என்றாள். "திறந்தது"க்கு மேலே, பென்சிலால், "திறந்தார்" என்று எழுதினேன்.